பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு யார் பொறுப்பு?

தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீடு சொந்தமில்லை. அம்மாவோ அப்பாவோ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும்வரை, கவாத்து வெட்டும்வரைதான் அது வீடு. தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவர் இறந்து மற்றவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், பாட்டியோடு மிஞ்சும் பிள்ளை பெற்றோரோடு கூரையையும் இழக்கிறது. நீலகிரியில் ஜெகதளா, அருவங்காடு, குன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டியும் இங்கே இல்லை.

இப்படி ஒரு பிள்ளை அருவங்காடு ரயில் நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும்? 1098-ஐ அழைக்கலாம். 1996-இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய இந்த உதவி எண்ணை 2023-இல் அரசே ஏற்று, 112-உடன் இணைத்தது. பிள்ளையை அழைத்துச் செல்ல போலீஸ்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆசிரியர், நர்ஸ், டீக்கடைக்காரர் என யாரும் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோகலாம். பிள்ளை தானாகவும் போகலாம். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஆதரவற்று நிற்கும் பிள்ளையைக் கண்டு தன் பொறுப்பில் எடுத்தபின் தகவல் சொல்லாமல் இருப்பது குற்றம்.

‘ஹோமில் சேர்த்துவிடுங்கள்’ என்பதுதான் நம் வாயில் முதலில் வருகிறது. சட்டமோ இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. பாட்டியோ சித்தியோ வளர்க்கத் தயார் என்றால் பிள்ளை அங்கேயே இருக்கட்டும், பணம் வீட்டுக்கு வரட்டும் என்பதே அதன் நோக்கம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை கிடைக்கும்.

இதுவரை எல்லாம் ஓரளவு சரி. பதினெட்டாம் பிறந்தநாள் வந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. அன்றுவரை சாப்பாடு, படுக்கை, பள்ளி, மருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட இல்லம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். நம் வீட்டுப் பிள்ளையை அந்த வயதில் தனியாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏற்றவே யோசிக்கிறோம். இல்லத்துப் பிள்ளையோ அறை பிடிக்க வேண்டும், அட்வான்ஸ் கட்ட வேண்டும், வேலை தேட வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்காது. சாதிச் சான்றிதழ் கேட்டால் அப்பாவின் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்வார்கள். காய்ச்சல் வந்தால் போன் போட ஒரு எண் வேண்டும்; அதுவும் இருக்காது.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. 46-ஆம் பிரிவு, 18 முடிந்து வெளியேறுபவருக்கு நிதி உதவி தர வழி செய்கிறது. 2016-இன் மாதிரி விதிகள் இந்தப் பிற்காப்பை 21 வயது வரையும், சிறப்புச் சூழலில் 23 வரையும் நீட்டிக்கின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்க வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. மிஷன் வாத்சல்யாவிலும் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆனால் யாராவது கேட்டு, எழுதி, குழுவின் உத்தரவு வாங்கினால்தான் இது பிள்ளையின் கைக்கு வரும். பதினெட்டு வயதில் தனியாக நிற்கும் ஒருவரால் அந்த அலைச்சல் முடியுமா?

ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இடம் தருவது இந்த மலைக்குப் புதிய வேலை அல்ல. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதியாகத் தொடங்கியது. அனாதைகளும் அதில் இருந்தார்கள். ஏழை ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்காக ஜான் பிரீடன் பாதிரியார் 1914-இல் கொடைக்கானலில் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் ஹோம்ஸ் 1922-இல் ஜெகதளாவுக்குப் பக்கத்தில் உள்ள கேத்திக்கு வந்தது. தங்க இடமும் படிப்பும் சேர்த்தே கொடுத்தால்தான் பிள்ளை கரையேறும் என்று அன்றே புரிந்திருக்கிறது. எஸ்டேட் கூலிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே பதினாறு வயதிலேயே தயாரிப்பு தொடங்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள் எல்லாம் பிள்ளையின் பெயரில், பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேரும்போதே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பேரூராட்சியில் வார்டு கவுன்சிலரும், அங்கன்வாடி டீச்சரும், தலைமையாசிரியரும் தங்கள் பகுதியில் இந்த ஆண்டு பதினெட்டைத் தொடும் ஆதரவற்ற பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு, ஊட்டியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதலாம். பிற்காப்புக்கான மனு, பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும்.