பர்மாக் காட்டைத் திருத்திய குடியானவன்

சிவகங்கை ஜில்லாவில் காரைக்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களிலுள்ள பெரிய வீடுகளைத் தாங்கும் தேக்குத் தூண்கள் பலவும் பர்மாவிலிருந்து வந்தவை. அவ்வீடுகளை எழுப்பிய செல்வத்தில் ஒரு பங்கு ஐராவதி நதியின் கழிமுகத்தில் விளைந்த நெல்லால் உண்டாயிற்று. அந்நிலத்தை முதன்முதல் திருத்திய குடியானவனுடைய வரலாறு, நிலமுடையோர் யாவரும் அறியத்தக்கது.

1852-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெகு நாட்டைக் கைப்பற்றிய காலத்தில், கழிமுகத்தின் பெரும்பாகம் சதுப்பும், மரக்காடும், ஆள் மறையும் புல்லுமாகக் கிடந்தது. மேல் பர்மாவின் வறண்ட பகுதியிலிருந்து பலர் மனைவி மக்களுடன் அங்கே குடியேறினர். வேனிலில் மரங்களை வெட்டிச் சாய்த்துத் தீயிட்டனர். மழை தொடங்கியதும் பயிரேற்றினர். அடிக்கட்டைகளும் வேர்களும் மக்கி அகன்று, எருமை பூட்டிய ஏர் செவ்வையாய் ஓடுவதற்குச் சில ஆண்டுகள் சென்றன. இதனிடையே குளிர்காய்ச்சல் மக்களையும், வெக்கை நோய் எருமைகளையும் வாட்டின.

1876-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, 12 ஆண்டுகள் இடைவிடாது அநுபவித்துத் தீர்வை செலுத்தியவனுக்கே நிலத்தில் நிலையான உரிமை கிட்டியது. அதுவரை உணவு, விதை, எருமை, ஆட்கூலி ஆகியவற்றிற்குப் பணம் வேண்டியிருந்தது. அதனைப் பெரிதும் உதவியவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்களே. அவர்களுடைய கடைகளை நடத்திய முகவர்கள், சுமார் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறி மாறிச் சென்றனர். உள்ளூரில் வட்டிக்குக் கொடுப்போரைக் காட்டிலும் அவர்கள் வாங்கிய வட்டி பொதுவாகக் குறைவே. 1850-களில் சுமார் 8 லட்சம் ஏக்கராவாக இருந்த நெற்சாகுபடி, 1930-களில் 87 லட்சம் ஏக்கராவாகப் பெருகியது. உலகில் அரிசியை மிகுதியாக ஏற்றுமதி செய்த நாடு பர்மாவே என்னும் நிலையும் உண்டாயிற்று.

ஆயினும் அவ்வளவு பெரிய சாகுபடியும் ஒரே பயிரையும், கடல் கடந்த சந்தையின் விலையையும் நம்பி நின்றது. 1930-ல் உலகப் பொருளாதார மந்தத்தினால் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. பட்ட கடனோ குறையவில்லை. 13 முக்கிய நெல் ஜில்லாக்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938-ல் அது 25 பங்காயிற்று. பாட்டன் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் பேரன் குத்தகைக்காரனாக நின்றான். நகரத்தார் வேண்டியதும் நிலமன்று, பணமே. அப்பணம் நிலத்தில் முடங்கிப்போயிற்று. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பினால் அவர்களிற் பலர் ஊர் திரும்ப நேர்ந்தது. சுதந்தர பர்மா 1948-ல் இயற்றிய நிலத் தேசீயமயச் சட்டத்திற்குப் பின்னர், அங்கிருந்த நிலங்களும் அவர்கள் கையை விட்டகன்றன.

உழுதவனும் இழந்தான், பணம் கொடுத்தவனும் இழந்தான். ஆதலின் கடன் வாங்கும் குடியானவர்கள் சென்ற ஆண்டின் நல்ல விலையை அளவாகக் கொள்ளாமல், விலை பாதியானாலும் தவணை செலுத்த இயலுமா என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பல ஆண்டுகளிற் பலன் தரும் நிலத்திருத்த வேலைக்கு, ஓர் அறுவடையில் தீர்க்கவேண்டிய குறுங்கடன் ஏற்றதன்று. நெல்லுடன் வேறு வருவாய்க்கும் வழி தேடிக்கொள்வது நிலத்தைக் காக்கும் வேலியாகும்.