கப்பல் பயணத்தில் முதியோர் சலுகை: நம் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

அறுபது வயதைத் தாண்டிய நம் வணிகப் பெருமக்கள் பலர் இப்போது கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து வருகிறார்கள். விடியற்காலை கடை திறந்து, இரவு கணக்கு முடித்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குச் சரக்கு அடுக்கியே காலம் கழித்தவர்கள் இவர்கள். காசி, இராமேசுவரம் போய் வந்தவர்கள் உண்டு. கடலில் கால் வைத்தவர்கள் குறைவு. அண்மைக் காலமாக, "கப்பலில் ஒருமுறை போய்வர வேண்டும், வயதானவர்களுக்குச் சலுகை உண்டாமே?" என்று நம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சலுகை உண்டு. ஆனால் சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் பையை அவிழ்ப்பது வணிகனுக்கு அழகல்ல. "ஆடித் தள்ளுபடி" பலகையை எழுதி மாட்டுகிறவர்களே நாம். எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பதுதான் கேள்வி என்று நமக்குத் தெரியாதா?

இரயிலில் போனது

முதியோர் சலுகை என்றால் நம் நினைவுக்கு வருவது இரயில்தான். ஆண்களுக்கு 60 வயது முதல் 40 சதவீதமும், பெண்களுக்கு 58 வயது முதல் 50 சதவீதமும் கட்டணக் குறைவு இருந்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டது. மாற்றுத் திறனாளிகள், குறிப்பிட்ட நோயாளிகள், மாணவர்கள் ஆகியோரின் சலுகை மட்டும் தொடர்ந்தது. முதியோருக்கு எஞ்சியது கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் முன்னுரிமைதான். இரயில்வே தரப்பில், எல்லாப் பயணிகளுக்கும் சராசரியாக 46 சதவீதம் அளவுக்கு ஏற்கெனவே மானியம் தருகிறோம் என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்லப்பட்டது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். வயதை மட்டும் காட்டிப் பெற்ற உரிமை ஒன்று நம் கையைவிட்டுப் போனது என்பதே பலரின் மனக்குறை.

விமானத்தில், ஏர் இந்தியா 60 வயதானவர்களுக்கு உள்நாட்டு அடிப்படைக் கட்டணத்தில் தந்துவந்த 50 சதவீதச் சலுகை 2022-இல் 25 சதவீதமாகக் குறைந்தது. சென்னை மாநகரப் பேருந்துகளில் முதியோருக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. அது சென்னைவாசிகளுக்கு மட்டும். இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களை இராமேசுவரம்–காசி பயணத்துக்கும், அறுபடை வீடுகளுக்கும் இலவசமாக அழைத்துச் சென்றிருக்கிறது. அதற்கு வருமான வரம்பு உண்டு என்பதால் நம்மில் பலருக்குப் பொருந்தாது.

கடல் வழி நமக்குப் புதிதல்ல

தமிழ்நாட்டு வணிகன் கப்பலேறியது நேற்றல்ல. சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மலேயாவில் மளிகைக்கடை வைத்தவர்களும், அங்கே கணக்கெழுதப் போனவர்களும் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதோடு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது. அந்தப் பயணங்கள் பிழைப்புக்கானவை. இன்றைய சொகுசுக் கப்பல் பொழுதுபோக்குக்கானது. தங்குமறை, மூன்று வேளை உணவு, கலை நிகழ்ச்சி எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 1990-இல் கட்டப்பட்ட கப்பல் அது. சுமார் 1,800 பேர் பயணம் செய்யலாம். மறு ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைமுகங்களுக்கும் அது சென்றது. சைவ உணவும் சமண முறை உணவும் உண்டு என்பதால் சாப்பாட்டுக் கவலை வேண்டியதில்லை.

இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மேற்குக் கடலில் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் இக்கப்பல் மும்பையை விட்டுச் சென்னைப் பக்கம் வந்தது. அந்த ஆனி, ஆடி மாதங்களே மளிகை வியாபாரத்தில் மந்தமான காலம். கார்த்திகை தீபத்தை விட்டுவிட்டு எந்த வணிகரும் திருவண்ணாமலையைவிட்டு நகர முடியாது. தேரடித் தெருவிலும் சின்னக்கடைத் தெருவிலும் அப்போது நிற்க இடமிருக்காது. ஆடியில் நான்கு நாள் கடையைப் பிள்ளையிடம் விட்டுப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆண்டுதோறும் அட்டவணை மாறும் என்பதால் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதியோர் சலுகை எங்கே இருக்கிறது?

அமெரிக்கக் கப்பல் நிறுவனங்களான கார்னிவல், ராயல் கரீபியன் போன்றவை சில பயணங்களுக்கு 55 வயதானவர்களுக்கே முதியோர் கட்டணம் வைக்கின்றன. ஓர் அறையில் ஒருவர் 55 வயதைக் கடந்திருந்தால் போதும் என்பது பொதுவான விதி. நம் ஊரில் 56 வயதுக்காரர் முதியவர் அல்லர். அந்தக் கப்பலில் அவர் முதியவர்!

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பயணத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. அறைகள் நிரம்பாத தேதிகளுக்கே பெரும்பாலும் அறிவிப்பார்கள். மேலும், எந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு அந்தச் சலுகை என்ற விதியும் இருக்கும். அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் தங்கியிருக்கும்போது பதிவு செய்வதாக இருந்தால், இதைக் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

நம் நாட்டுக் கப்பல்களிலும், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களிலும் சலுகைகள் வரும், போகும். அவை நிலையான உரிமை அல்ல. ஆகவே பதிவு செய்யும்போது நாமே வாய்விட்டு, "மூத்த குடிமக்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா?" என்று கேட்க வேண்டும். கேளாதவருக்குத் தாமாக முன்வந்து தரமாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கப்பல் கட்டணம் ஒரே தொகையாகத் தெரிந்தாலும் அதற்குள் பல உருப்படிகள் உண்டு. அடிப்படைக் கட்டணம் ஒன்று. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் சேவைக் கட்டணம் ஆகியவை தனி. முதியோர் சலுகை பெரும்பாலும் முதல் உருப்படிக்கு மட்டுமே.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அடிப்படைக் கட்டணம் ரூ.40,000, மற்றவை ரூ.12,000, ஆக மொத்தம் ரூ.52,000. பத்து சதவீத முதியோர் சலுகை என்றால் ரூ.4,000 குறையும். கட்ட வேண்டியது ரூ.48,000. மொத்தத் தொகையில் பார்த்தால் தள்ளுபடி எட்டு சதவீதத்துக்கும் குறைவு. அதே கப்பல், வேறொரு வாரநாள் புறப்பாட்டில் எல்லோருக்குமாக அடிப்படைக் கட்டணத்தை ரூ.34,000 என்று வைத்தால், மொத்தம் ரூ.46,000. வயதே கேட்காத கட்டணத்தில் தலைக்கு ரூ.2,000 மிச்சம். தம்பதியருக்கு ரூ.4,000. இரண்டு சலுகையையும் சேர்த்துத் தரமாட்டார்கள் என்பதால், இரண்டையும் எழுதிப் பார்த்துக் குறைந்ததை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வயதைவிட நேரமே பெரிய சலுகை என்பதற்கு நம் கண்முன் ஒரு சான்று உண்டு. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியபோது வரியுடன் கட்டணம் ரூ.7,670 என்று அறிவிக்கப்பட்டது. தொடக்க நாளில் சுமார் ரூ.2,800-க்கே சீட்டு கொடுத்தார்கள். எந்த முதியோர் சலுகை இந்த அளவுக்குக் குறைக்கும்? அச்சேவை விரைவில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன், கட்டணமும் குறைந்து, மீண்டும் தொடங்கியது. இது சொகுசுக் கப்பல் அல்ல, சில மணி நேரப் பயணம்தான். நல்லூர் கந்தசுவாமி கோயிலையும் யாழ்ப்பாணத்தையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. வானிலையைப் பொறுத்துச் சேவை நிற்கும் என்பதால் புறப்படுமுன் விசாரிக்க வேண்டும்.

மேலை நாடுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் போட்டி போட்டுச் சலுகை அறிவிக்கும் காலம். புறப்படச் சில வாரங்களே இருக்கும்போது காலியாக உள்ள அறைகளை விலை குறைத்துத் தள்ளுவதும் உண்டு. அழுகும் பொருளான தக்காளியைச் சாயங்காலம் விலை குறைத்து விற்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. கப்பல் புறப்பட்டுவிட்டால் காலி அறைக்கு மதிப்பில்லை. சென்னைத் துறைமுகம் நமக்குச் சுமார் 190 கிலோமீட்டர்தான். விசா தேவைப்படாத உள்நாட்டுப் பயணமென்றால், கடைசி நேர விலையைப் பயன்படுத்திக்கொள்ள நம்மால் முடியும்.

மொத்தக் கொள்முதல் முறை

நமக்கு எல்லாவற்றிலும் மேலான வழி ஒன்று இருக்கிறது. அதுதான் மொத்தக் கொள்முதல். குழுவாகப் பதிவு செய்தால் ஏறக்குறைய பதினாறு பேருக்கு ஓர் இடம் இலவசம் என்பது உலகக் கப்பல் வணிகத்தில் நெடுநாள் வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணிக்கை மாறலாம். இலவச இடத்தின் மதிப்பை எல்லோருக்கும் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் ஆறு சதவீதம் குறையும். எட்டுத் தம்பதியர் சேர்ந்தால் பதினாறு பேர் ஆகிவிட்டது. ஒரு மூட்டை வாங்குபவனுக்கு ஒரு விலை, ஒரு லோடு எடுப்பவனுக்கு ஒரு விலை என்பது நாம் அறியாததா?

துணையை இழந்த மூத்தவர்களுக்கும் குழுப் பயணம் உதவும். அறைக் கட்டணம் இருவர் தங்கும் கணக்கில்தான் போடப்படுகிறது. தனியாகச் செல்பவர் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணத்தைக் கட்ட நேரிடும். அங்கே எந்த முதியோர் சலுகையும் ஈடுகட்டாது. நண்பர்கள் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் அந்தச் சுமை தீர்ந்தது. பேச்சுத் துணையும் ஆயிற்று.

பணம் கட்டுமுன்

1. வயதுச் சான்று: ஆதார், பாஸ்போர்ட், பான் அட்டை மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் மூத்தவர்கள் பலரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கிறது. தேதி மாறியிருந்தால் சலுகை மட்டுமல்ல, பயணமே தடைப்படலாம். முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள்.

2. பாஸ்போர்ட்: வெளிநாட்டுத் துறைமுகம் செல்வதானால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறி வேறு நாடு போய்த் திரும்புவதானால், இரண்டாம் முறை உள்ளே வரவும் விசா செல்லுமா என்று பார்க்க வேண்டும்.

3. காப்பீடு: கப்பலில் மருத்துவர் இருப்பார். கட்டணம் அதிகம். வயது கூடக் கூடப் பயணக் காப்பீட்டுப் பிரீமியமும் கூடும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கச் சர்க்கரை, இரத்த அழுத்தத்தை மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் பணம் வராது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

4. அறை: விலை குறைந்தது சன்னல் இல்லாத உள்ளறை. முழங்கால் வலி உள்ளவர்கள் மின்தூக்கிக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேட்டு வாங்குங்கள். ஆட்டமும் அங்கே குறைவு.

5. இரத்து விதி: புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். சலுகைக் கட்டணம் சிலவற்றில் ஒரு பைசாவும் திரும்பாது. வீட்டில் நல்லது கெட்டது எதிர்பார்க்கும் காலத்தில் இவ்வகைச் சீட்டைத் தவிர்ப்பது நல்லது.

6. வரி: வெளிநாட்டுத் தொகுப்புப் பயணத்துக்கு டி.சி.எஸ். வசூலிப்பார்கள். அது செலவல்ல, முன்பணம். சரியான பான் எண்ணைக் கொடுத்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதைப் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

7. முகவர்: ஒருவரிடம் மட்டும் விலை கேட்காதீர்கள். "முதியோருக்கு மட்டும், இன்று ஒருநாள்" என்று தொலைபேசியில் அவசரப்படுத்துகிறவரிடம் விலகி நில்லுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் கட்டி, ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில் வாங்கி, பதிவு எண்ணைக் கப்பல் நிறுவனத்திடமே நேரில் சரிபாருங்கள். சரக்கு வராமல் பணம் அனுப்பும் பழக்கம் நமக்கு இல்லை. இங்கும் அதையே கடைப்பிடிப்போம்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

வாழ்நாள் முழுதும் அடுத்தவர் வீட்டு அடுப்பு எரியச் சரக்கு கொடுத்தவர்கள், தமக்கென்று நாலு காசு செலவழிக்கக் கூசுகிறார்கள். "அந்தப் பணத்துக்கு இரண்டு மூட்டை துவரம்பருப்பு போடலாமே" என்பார்கள். பிள்ளைகள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும். சலுகை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் உடம்பு ஒத்துழைக்கும்போதே போய்வருவதுதான் மேல். எழுபத்தைந்து வயதில் கிடைக்கும் ஐம்பது சதவீதத் தள்ளுபடியைவிட, அறுபத்திரண்டு வயதில் முழுக் கட்டணம் கட்டிப் படியேறி இறங்கும் பயணமே இலாபம்.

நம் சங்க உறுப்பினர்களில் எட்டுத் தம்பதியர் முன்வந்தால் குழுப் பயணத்துக்கு விலை கேட்கலாம். விருப்பமுள்ளவர்கள் தத்தம் தெருப் பிரதிநிதியிடம் பெயர் கொடுத்தால், இரண்டு மூன்று இடங்களில் எழுத்து மூலம் விலைப்புள்ளி வாங்கி, அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசலாம். வரும் ஆடியில் நம் மூத்த வணிகர்கள் கல்லாவை விட்டு எழுந்து கடல் பார்க்கட்டும்.