உறுப்பு மாற்றும் உறங்கும் காசநோயும்

காசநோய் வறுமையோடு சேர்த்துப் பேசப்படும் நோய். சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சையோ நவீன விஞ்ஞானத்தின் சாதனை. இவை வெவ்வேறு உலகங்களைச் சார்ந்தவை என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. ஆயின் யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற பிரதேசங்களில் இவ்விரண்டும் ஒரே உடலிற் சந்திக்கக்கூடும். அச்சந்திப்பின் ஆபத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் இங்கு நோக்குவோம்.

காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டில் றொபேட் கொக் இனங்காட்டினார். இக்கிருமி உட்புகுந்த அனைவரும் நோயாளராவதில்லை. பெரும்பாலானோரில் நிர்ப்பீடனக் கலங்கள் அதனைச் சூழ்ந்து சிறைப்படுத்திவிடுகின்றன; கிருமி அழியாது பல்லாண்டுகள் உறங்குகின்றது. தொற்றுற்றோருள் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே தம் வாழ்நாளில் நோயுறுகின்றனர். மாற்றப்பட்ட உறுப்பை உடல் நிராகரியாதிருக்க வேண்டுமாயின் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். உறுப்பைக் காக்கும் அம்மருந்துகளே கிருமியின் சிறைக்கதவையும் திறந்துவிடுகின்றன. இதுவே பிரச்சினையின் அடிப்படை முரண்பாடாகும்.

இவ்வாபத்து எத்துணைப் பெரிது என்பதை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அனுபவம் காட்டும். அங்கு 1986 முதல் 1999 வரை சிறுநீரகம் பெற்ற 1,251 பேரை ஆராய்ந்து 2001இல் வெளியான கட்டுரையொன்று, அவர்களுள் 166 பேர் காசநோய்க்கு ஆளாயினர் எனக் கூறுகின்றது. இது நூற்றுக்கு 13 பேர் என்னும் விகிதமாகும். நீரிழிவும் நாட்பட்ட ஈரல் நோயும் உடையோரில் ஆபத்து மேலும் கூடியிருந்தது.

இலங்கையில் முதலாவது சிறுநீரக மாற்று 1985இல் நிகழ்ந்தது. நோய் பரவியுள்ள அளவில் எமது நிலை இந்தியாவினதைப் போன்றதன்று. எனினும் அண்மைய ஆண்டுகள் பெரும்பாலானவற்றில் 8,000க்கு மேற்பட்ட புதிய காசநோயாளர் நாடு முழுவதிலும் இனங்காணப்பட்டுள்ளனர். குடாநாட்டு மக்களுக்கோ இன்னொரு வரலாறும் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்து, பாடசாலைகளிலும் கோயில்களிலும் நெருக்குண்டு வாழ்ந்தனர். காற்றினாற் பரவும் நோய்க்கு இத்தகைய நெருக்கம் வாய்ப்பானது. அன்று மூச்சோடு புகுந்த கிருமி இன்றும் ஒருவர் உடலில் உறங்கியிருத்தல் கூடும். உறுப்பு வழங்குபவரும் பெரும்பாலும் தாயோ, துணையோ, உடன்பிறந்தாரோ ஆவர். நோயாளரோடு ஒரே கூரையின் கீழ் ஒரே காற்றைச் சுவாசித்தவர். எனவே வழங்குபவரையும் பரிசோதித்தல் இன்றியமையாதது.

தடுப்பு நடவடிக்கை சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். குருதிச் சுத்திகரிப்புப் பெற்றுக் காத்திருக்கும் காலமே அதற்கு உகந்தது. முன்னைய தொடர்புகளை விசாரித்தல், மார்புக் கதிர்ப்படம், மன்ரூ பரிசோதனை அல்லது குருதிப் பரிசோதனை என்பன முதற்படிகள். சிறுநீரகம் செயலிழந்தோரில் மன்ரூ பரிசோதனை தொற்றைக் காட்டாது விடலாம் என்பதையும் மறத்தலாகாது. செயலுறு நோய் இல்லை என உறுதிசெய்த பின்னர், உறங்கும் தொற்றுக்கு ஐசோநயசிட் மருந்து 6 முதல் 9 மாதங்கள் வரை, விற்றமின் பி6 உடனும் ஈரற் பரிசோதனைகளுடனும் வழங்கப்படும். பி.சீ.ஜீ. உயிருள்ள கிருமியாலான தடுப்பூசியாதலால் உறுப்புப் பெற்றவருக்கு அதனை ஏற்றலாகாது.

பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடுவதன் விலை பெரிது. காசநோய் மருந்துகளுள் முதன்மையான றிபாம்பிசின், சைக்கிளோஸ்போரின், ரக்றோலிமஸ் ஆகியவற்றை ஈரல் விரைந்து சிதைக்கச் செய்கின்றது. குருதியில் அவற்றின் அளவு குறையவே உறுப்பு நிராகரிக்கப்படலாம். உயிரைக் காப்பதா, உறுப்பைக் காப்பதா என்னும் நெருக்கடி இவ்வாறு எழுகின்றது.

நோய்க்குறிகளும் ஏமாற்றுவன. இருமலின்றி, நீடித்த காய்ச்சலும் மெலிவும் மட்டுமே தோன்றலாம். நோய் நுரையீரலுக்கு வெளியே பரவியிருக்கலாம். காசநோய்க்கான சிகிச்சை அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும் அந்நோயின் பெயரை அயலார் அறிந்துவிடுவர் என்னும் கூச்சம் பலரைப் பழைய தொற்றைப் பற்றி வாய் திறவாது செய்கின்றது. அம்மௌனத்தை மருந்தினாற் போக்கவியலாது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண் இது. நோயாளரும் வழங்குபவரும் தம் மொழியில் இவ்வாபத்தை முழுமையாக விளங்கிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, கூற வேண்டியதைக் கூறும் நிலையை உருவாக்குதல் வைத்தியரின் கடமை மட்டுமன்று. எமது சமூகத்தின் கடமையுமாகும்.