அடைக்கலம் தந்த மலைநகர்

கண்டிக்குச் செல்லும் நாம் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு திரும்பிவிடுகிறோம். 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகருக்கு, இடம்பெயர்ந்தோராகிய எமக்குச் சொல்ல வேறொரு கதையும் உண்டு.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1815 வரை கண்டி ஓர் இராச்சியத்தின் தலைநகர். மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோட, மலையும் காடுமே அதன் மதில்கள். போர்த்துக்கேயர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அதனைத் தீக்கிரையாக்கினர். 1765இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1803இல் ஆங்கிலேயர் நுழைந்தபோது நகர் வெறிச்சோடிக் கிடந்தது. மக்கள் மலைகளுக்கும் காடுகளுக்கும் ஒதுங்கியிருந்தனர். காய்ச்சலும் உணவுத் தட்டுப்பாடும் அந்நியப் படைகளை நிலைகொள்ள விடவில்லை. மக்கள் திரும்பி வந்தனர். எரிந்த வீடுகளைக் கட்டினர். வயல்களை மீண்டும் உழுதனர்.

இவ்வரசு பிறருக்கும் புகலிடம் கொடுத்தது. 1626 அளவில் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களைச் செனரத் மன்னன் ஏற்று, பலரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்த காலத்தில் கத்தோலிக்கரும் இங்கு தஞ்சம் புகுந்தனர்.

கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தபோது, ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் வைசூரி பரவியது. பலர் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அந்நியரான அடிகளாரோ அங்கேயே தங்கி, சமயம் பாராது அவர்களுக்குக் குடில் அமைத்து, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். சந்தேகித்த நகரே அவரை நேசித்தது. 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இந்நகரின் வீழ்ச்சியும் எமக்குப் பாடமே. இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வயல்வெளியாயிருந்த நிலத்தில் வாவியை அமைத்தான். அதற்காக வாங்கப்பட்ட கட்டாய உழைப்பு மக்களின் மனக்கசப்பை வளர்த்தது. பிரதானிகளும் அவனைக் கைவிட்டனர். பல படையெடுப்புகளைத் தாங்கிய நகர், 1815இல் உட்பகையால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான்.

அன்பர்களே, கண்டி மக்கள் தம் வயல்களுக்குத் திரும்பினர். எமது காணிக்குத் திரும்பும் உரிமையை நாமும் கைவிடலாகாது. அதுவரை, எம்மை ஏற்ற ஊரின் குளக்கட்டு உடைந்தால், அயலவரோடு மண்வெட்டி எடுத்து முதலில் இறங்குவோர் நாமாக இருப்போம். எம்முள் பிளவு வராமலும் பார்த்துக்கொள்வோம்.