மூச்சை அளக்கும் துணி

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குச் செல்வோர் விசைத்தறிகளின் ஓசையைக் கேளாது திரும்ப இயலாது. காயத்திற்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் அங்கே நெய்யப்படுகின்றன. அத்துணி காயத்தை மூடும். நோயாளியின் நிலையை அறியாது. உடுத்தியவரின் நாடியையும் மூச்சையும் உணர்ந்து தெரிவிக்கும் துணி இன்று ஆய்வுக்கூடங்களில் உருவாகி வருகிறது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். (ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையாரின் கணவரே இந்தப் பியர்.) ஆனால் படிகம் வளையாது; உடுத்த உதவாது. 1969-இல் ஜப்பானியரான கவாய், பி.வி.டி.எப். எனப்படும் வளையும் பிளாஸ்டிக்கிலும் இப்பண்பு உண்டெனக் காட்டினார். 2006-இல் அமெரிக்காவில் பேராசிரியர் வாங், தலைமயிரைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய துத்தநாக ஆக்சைடுக் கம்பிகளை வளைத்து மின்சாரம் பெற்றார். இத்தகைய நுண்துகள்களை அந்தப் பிளாஸ்டிக்கில் கலந்தால் உடலோடு இசைந்து வளையும் மெல்லிய ஏடு கிடைக்கிறது. அதனை மார்பில் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு மூச்சிலும் விலா விரிய ஏடு இழுபடும். சிறு மின்துடிப்பு எழும். துடிப்பை எண்ணினால் மூச்சின் வேகம் தெரியும்.

இந்த மின்சாரத்தால் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்பாரை நம்ப வேண்டா. உடலசைவால் கிடைப்பது பெரும்பாலும் மைக்ரோவாட்டுக் கணக்கே. சிறுகச் சேமித்து ஓர் உணர்கருவியை அவ்வப்போது இயக்கலாம்; அவ்வளவுதான்.

நம் பகுதிக்கு இதில் என்ன? பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நோயை நூற்பாலைத் தொழிலாளர் அறிவர். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். நாளடைவில் எல்லா நாளும் இறுகும். வேலை போய்விடுமோ என்று இருமலை மறைக்கும் தாய்மார் எத்தனை பேர்! மார்புப் பட்டை மூச்சின் மாறுதலைக் காட்டக்கூடும். எனினும் நுரையீரலின் சேதத்தை அறிய, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் சோதனையும் மருத்துவரும் தேவையே. அன்றியும், அப்பட்டை சொல்லும் செய்தி முதலில் யாரிடம் செல்லும்? தொழிலாளியிடமும் மருத்துவரிடமும் செல்லுமாயின் நலம். மேலாளரின் மேசைக்கே செல்லுமாயின், மறைக்கப்பட்ட இருமல் வேலைநீக்க ஓலையாகிவிடும். இதனைக் கருவி வந்தபின் பேசிப் பயனில்லை.

வியர்வையும் சலவையும் இவ்வேடுகளுக்குப் பெரும் பகை. ஒருமுறை கட்டி எறியும் பேண்டேஜில் சலவைக் கவலை இல்லை. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில், 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் நுண்பொருள் ஆய்வு நடைபெறுகிறது. அங்கிருந்து சத்திரப்பட்டி வெகுதூரமன்று. ஆய்வாளர் ஒருநாள் தறிக்கூடத்திற்கு வந்து, இத்தகைய இழை நம் தறியில் ஓடுமா என்று நெசவாளரிடமே கேட்கலாம்.