எமதூதர்களுக்கு ஏன் ஆள் மாறிப்போகிறது?

1988இல் ஹைதராபாத் தியேட்டர்களைக் கலக்கியது சிரஞ்சீவியின் ‘யமுடிகி மொகுடு’. காலம் முடியாத ஆளை எமலோகத்துக்கு இழுத்துப்போன கதை. நமக்கு அது 1990இல் ரஜினியின் ‘அதிசய பிறவி’யாக வந்தது.

சினிமா கற்பனைதானே? ஆனால் 1986இலேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வாளர் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும், வட இந்தியாவில் செத்துப் பிழைத்ததாகச் சொன்ன 16 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தூதர்கள் கொண்டுபோனார்கள், ஒருவர் ஏட்டைப் புரட்டினார், “இந்த ஆள் இல்லை” என்று திருப்பி அனுப்பினார்: அடிக்கடி வருவது இதுதான். அமெரிக்கர்களோ சுரங்கப்பாதையும் ஒளியும் கண்டதாகச் சொல்வார்கள்.

இந்தக் காட்சிகள் எங்கிருந்து வருகின்றன? இதயம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். மூளை உடனே அணைவதில்லை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில் எலிகளுக்கு இதயம் நின்ற பின்னும் சுமார் 30 நொடி மூளையில் காமா அலைகள் எகிறின. அந்த மின்வெறியாட்டத்துக்கு எமன் முகத்தை மாட்டுவது பாட்டி சொன்ன கதை என்பதே என் கணிப்பு.

2023இல் செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட 4 நோயாளிகளில் 2 பேரிடமும் அதே அலைகள் பதிவாயின. யாரும் பிழைக்கவில்லை; என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை.