பாரிசவாதம்: நடக்கத் தொடங்கினால் போதுமா?

பாரிசவாதம் வந்து வைத்தியசாலையிலிருந்து திரும்பியவரைப் பார்க்க வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான்: "நடக்கிறாரோ? கை ஏலுமோ?" தடியூன்றி முற்றம் வரை நடந்துவிட்டால் வீடே ஆறுதலடைகிறது.

ஆனால் அவர் அடுப்பில் வைத்த கேத்தலை மறந்துவிடுகிறார். கடையில் மிச்சக் காசை எண்ண முடியாமல் நிற்கிறார். காலை மாத்திரையை இரண்டு தடவை போடுகிறார். "வயசு போட்டுது" என்று விட்டுவிடுகிறோம். போரில் பிள்ளையை இழந்தவர் என்றால், மறதி முழுவதையும் கவலையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கவலையும் ஒரு காரணமாகலாம். ஆனால், மூளையின் இரத்தக் குழாய் அடைபடும்போதோ வெடிக்கும்போதோ கவனம், ஞாபகம், திட்டமிடல் என்பனவும் பாதிக்கப்படலாம். இவற்றுக்கும் பயிற்சி உண்டு.

கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் நடந்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. பாரிசவாதம் வந்து ஆறு மாதங்களுக்கு மேலான 52 பேர், வாரத்தில் 3 நாட்களாக 10 வாரங்கள் பயிற்சி பெற்றனர். மூச்சு வாங்கச் செய்யும் உடற்பயிற்சியையும் கணினி வழியான ஞாபகப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடம், புதிய சிக்கலை ஆராய்ந்து தீர்க்கும் திறன் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மாதங்கள் கடந்தபின்னும் முன்னேற இடமுண்டு என்பதை அது காட்டுகிறது.

உடற்பயிற்சி மூளைக்கான இரத்தோட்டத்தைக் கூட்டி, நரம்புக் கலங்கள் புதிய இணைப்புகளை ஏற்படுத்த உதவும் புரதங்களையும் தூண்டுகிறது. அந்த இணைப்புகளுக்கு வேலை கொடுப்பது மூளைப் பயிற்சி. உழுதால் மட்டும் போதாது, விதைக்கவும் வேண்டும்.

அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது வாரத்தில் 3 முதல் 5 நாட்கள், 20 முதல் 60 நிமிட உடற்பயிற்சி. பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தும் செய்யலாம். பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும்: அதுதான் வேகத்தின் அளவு. போரில் காலை இழந்தவர்கள் கதிரையில் இருந்தபடியே கைகளால் செய்யலாம். களைப்பாறிய பின், சாமான் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வது, காசுக் கணக்குப் பார்ப்பது, கடதாசி விளையாடுவது, வாசித்த செய்தியைத் திருப்பிச் சொல்வது என்று தொடரலாம். இலகுவாகிவிட்டால் கொஞ்சம் கடினமாக்குங்கள்.

தொடங்குமுன் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்பது கட்டாயம். உயர் குருதி அமுக்கம், இதய நோய், உடலில் தங்கிய செல் துண்டு என்பவற்றையும் சொல்லுங்கள். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்த கிளினிக்கில் கை, காலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழும்பாதீர்கள். மறதியையும் சொல்லுங்கள்.